தலசீமியாவும் இரத்தம் ஏற்றுதலும்: உடல் எதிர்ப்புக் காட்டுவது ஏன்?

தலசீமியா என்பது பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு மரபு வழியாக வரும் இரத்த நோயாகும். இரத்தத்திற்குச் செந்நிறத்தைத் தரும் ஹீமோகுளோபினை இந்நோயாளரின் உடல் போதிய அளவு உண்டாக்குவதில்லை. நோய் கடுமையாக உள்ளவர்களுக்கு இரண்டு முதல் ஐந்து வாரங்களுக்கு ஒரு முறை பிறருடைய இரத்தத்தின் சிவப்பணுக்களை ஏற்ற வேண்டும். அதுவே அவர்களை வாழ வைக்கிறது. ஆயினும், உயிர் காக்கும் அதே இரத்தத்தைச் சிலருடைய உடல் பகையாக எண்ணி எதிர்ப்பதும் உண்டு. இதன் காரணத்தையும், நோயாளரின் குடும்பத்தார் செய்ய வேண்டுவனவற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

உடல் வைத்திருக்கும் பதிவேடு

விடியற்காலைப் பெரட்டில் கிராணியார் செக்ரோலைப் பார்த்துப் பெயர்களை அழைக்கிறார். பதிவில் இல்லாத ஒருவர் வந்து நின்றால் உடனே தெரிந்துவிடுகிறது. நம் உடலும் இத்தகைய பதிவு ஒன்றை வைத்திருக்கிறது. ஒவ்வொரு சிவப்பணுவின் மேற்பரப்பிலும் பல அடையாளப் பொருள்கள் உள்ளன. தன்னிடம் இல்லாத அடையாளத்தோடு ஓர் அணு நுழைந்தால், உடல் அதை அயலாக எண்ணி, அதனை அழிப்பதற்கு எதிர்ப்பொருள்களை உண்டாக்கக் கூடும்.

ஏ, பி, ஏபி, ஓ என்னும் இரத்த வகைகளை நாம் அறிவோம். கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்னும் அறிஞர் 1901இல் இவ்வகைப் பிரிவை வெளியிட்டு, 1930இல் நோபல் பரிசு பெற்றார். ரீசஸ் பிரிவு 1940இல் அறியப்பட்டது. இவையேயன்றி கெல், கிட், டஃபி எனப் பல பிரிவுகள் உள. ஆகவே, “இருவருக்கும் ஓ வகை, பொருந்திவிட்டது” என்று கூறிவிட முடியாது. பிற அடையாளங்களில் இருவரும் வேறுபட்டிருக்கலாம்.

ஆண்டுக்கு ஒரு முறைகூட இரத்தம் ஏற்றாதவருக்கு இவ்வேறுபாடு பெரும்பாலும் இடர் தருவதில்லை. தலசீமியா நோயாளருக்கோ மாதந்தோறும் புதிய புதிய கொடையாளரின் அணுக்கள் உடலுட் செல்கின்றன. எனவே எதிர்ப்பொருள் தோன்றும் வாய்ப்பும் பெருகுகிறது. ரீசஸ் பிரிவைச் சேர்ந்த ‘ஈ’ என்னும் அடையாளத்திற்கு எதிரான பொருள் நம் வட்டாரத்தில் அடிக்கடி காணப்படுவதாகும்.

எதிர்ப்பின் வகைகள்

இரத்தம் ஏறும்போதே குளிரும் காய்ச்சலும் காண்பது ஒரு வகை. கொடையாளரின் வெள்ளையணுக்களே இதற்குப் பெரும்பாலும் காரணம். அவற்றை வடிகட்டி நீக்கிய இரத்தத்தை ஏற்றினால் இது குறையும். தோலில் அரிப்பும் தடிப்பும் தோன்றுவது மற்றொரு வகை. இது கொடையாளரின் இரத்தநீரில் உள்ள புரதங்களால் ஏற்படுவது. இரத்த வகையே மாறிவிட்டால் முதுகுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவை சில நிமிடங்களிலேயே தோன்றி, உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே, இரத்தம் ஏற்றுமுன் தாதியர் பெயரையும் அடையாள எண்ணையும் மீண்டும் மீண்டும் கேட்பதைத் தொல்லையாகக் கருதலாகாது.

நான்காவது வகை நாட்கள் கடந்து வருவது; நாம் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டியதும் இதுவே. இரத்தம் ஏற்றியபோது யாதொரு குறையும் இராது. நோயாளர் நலமாகத் தோட்டத்திற்குத் திரும்பியிருப்பார். மூன்று நாள் முதல் இரண்டு வாரத்திற்குள் கண்கள் மஞ்சளிக்கும். சிறுநீர் தேநீர் போல் கறுக்கும். காய்ச்சலும் சோர்வும் உண்டாகும். ஏற்றிய சிவப்பணுக்களை உடல் அழித்து வருவதன் அறிகுறிகள் இவை. இதனைச் சாதாரண மஞ்சட்காமாலை என்று கருதிக் கைம்மருந்து கொடுப்பதும், மந்திரித்து வைத்துக் காத்திருப்பதும் பெருந்தீங்கு. உடனே மருத்துவமனைக்குச் சென்று, எந்த நாளில் இரத்தம் ஏற்றப்பட்டது என்பதைச் சொல்லுதல் வேண்டும்.

மறைந்திருக்கும் எதிர்ப்பொருள்

சிவப்பணுக்களின் மேல் ஒட்டியுள்ள எதிர்ப்பொருளைக் கண்டறியும் சோதனையை, கேம்பிரிட்ஜில் ராபின் கூம்ஸ் என்பவரும் அவர்தம் துணைவர் இருவரும் 1945இல் வகுத்தனர். இன்றும் இரத்த வங்கிகள் அம்முறையைப் பயன்படுத்துகின்றன. ஆனால், எதிர்ப்பொருளின் அளவு சில மாதங்களில் குறைந்து, சோதனைக்குப் புலப்படாமற் போவதுண்டு. உடலோ அதை மறப்பதில்லை. அதே அடையாளமுள்ள இரத்தம் மீண்டும் ஏறினால் எதிர்ப்பு விரைந்து கிளம்பும்.

ஒரு குடும்பம் தோட்டத்தை விட்டுப் பட்டணத்திற்குக் குடிபெயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய பதிவு புதிய மருத்துவமனைக்குத் தெரியாது. சோதனையிலும் ஒன்றும் புலப்படவில்லை. அப்போது பொருந்தாத இரத்தம் ஏற நேரலாம். இதனைத் தடுப்பது பெற்றோர் கையிலுள்ள மருத்துவ அட்டையே.

பெற்றோர் தம் பிள்ளைக்கே இரத்தம் தரலாமா?

“என் பிள்ளைக்கு என் இரத்தத்தையே கொடுக்கிறேன்” என்பது பெற்ற மனத்தின் இயல்பு. எனினும், பெற்றோரும் உடன்பிறந்தாரும் நேரடியாக இரத்தம் தருவதை மருத்துவர்கள் ஊக்குவிப்பதில்லை. பிற்காலத்தில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்ய நேர்ந்தால் குடும்பத்தாரே பெரும்பாலும் கொடையாளராவர். முன்னரே அவர்களுடைய இரத்தம் ஏறியிருந்தால், உடல் அவர்தம் அணுக்களை எதிர்க்கப் பழகியிருக்கக் கூடும். ஆதலால், குடும்பத்தார் இரத்த வங்கிக்கே கொடையளிக்கலாம். அது வேறொருவரைக் காக்கும்.

ஒரே இனத்தாரிடையே இரத்த அடையாளங்கள் ஒத்திருக்கும் வாய்ப்பு அதிகம். மேலும், ரீசஸ் எதிர்மறை இரத்தம் நம் இந்தியரிடையே ஏறத்தாழ 100இல் ஐவருக்கு உண்டு; மலாய்க்காரர், சீனரிடையே 100இல் ஒருவருக்கும் குறைவு. ஆகவே இந்தியர் இரத்த தானத்திற்கு முன்வருவது மிகவும் இன்றியமையாததாகும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. முதன்முறை இரத்தம் ஏற்றுமுன்பே விரிவான இரத்த வகைச் சோதனை செய்யப்பட்டதா என்று மருத்துவரைக் கேளுங்கள். பிறர் இரத்தம் கலந்த பின்னர் அச்சோதனை கடினமாகும்.

2. எதிர்ப்பொருள் உண்டெனக் கூறப்பட்டால் அதன் பெயரை அட்டையில் எழுதி வாங்குங்கள். எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.

3. பொருத்தம் பார்க்க இரத்த மாதிரி கொடுக்கும் நாளைத் தவற விடாதீர்கள். மூன்று நாட்களுக்கு உட்பட்ட மாதிரியே வேண்டப்படும். எதிர்ப்பொருள் உள்ளவருக்கு ஏற்ற இரத்தத்தைத் தேட நேரமாகும். பொறுமை காத்தல் வேண்டும்.

4. இரத்தம் ஏறும்போது குளிர், அரிப்பு, முதுகுவலி எது தோன்றினாலும் உடனே தாதியரிடம் சொல்லுங்கள்.

5. வீடு திரும்பிய பின் இரண்டு வாரம் வரை கண்ணின் நிறத்தையும் சிறுநீரின் நிறத்தையும் கவனியுங்கள்.

எதிர்ப்பொருள் தோன்றிவிட்டது என்பதற்காக அஞ்சி, இரத்தம் ஏற்றுவதை நிறுத்திவிடலாகாது. அந்த அடையாளம் இல்லாத இரத்தத்தைத் தேர்ந்தெடுத்து ஏற்ற இரத்த வங்கியால் இயலும். அதற்குத் தேவையான விவரம் நோயாளரின் அட்டையில் இருக்கிறது. பிறப்புப் பத்திரத்தைக் காப்பதுபோல் அதனையும் காத்து வருவோமாக.