கிழமை பார்த்துப் புறப்படுதல்

அலுவல் நிமித்தமாகவோ, அங்கே உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளின் வீட்டில் சில வாரம் தங்கியிருக்கவோ ஜெர்மனிக்குப் போகிறவர்கள், இடையில் கிடைக்கும் மூன்று நான்கு நாட்களில் ஏதேனும் ஒரு நகரத்தைப் பார்த்துவர உத்தேசித்து என்னிடம் யோசனை கேட்கும்போது, அநேகமாக எல்லோரும் முதலில் விசாரிப்பது அங்கே பார்க்கத் தக்கவை எவை என்பதையே. நான் திருப்பிக் கேட்பது, எந்தக் கிழமை போய்ச் சேருகிறீர்கள் என்பது. பிரயாணத்துக்குச் சூலம் பார்ப்பவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சாஸ்திரத்தில் நம்பிக்கை அற்றவர்களுங்கூட ஜெர்மனியில் கிழமை பார்த்தே தீர வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாகக் காக்கும் நியதி, 1919-ஆம் ஆண்டின் வைமார் அரசியல் சட்டத்தில் 139-ஆவது பிரிவாக எழுதப்பெற்று, 1949-இல் இயற்றப்பெற்ற இன்றைய அடிப்படைச் சட்டத்திலும் அப்படியே சேர்த்துக்கொள்ளப்பட்டிருப்பதால், அன்றைக்குத் துணிக்கடை, மளிகைக்கடை, புத்தகக்கடை எல்லாம் சாத்தியே கிடக்கும். இரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் சிலவும், காலையில் ரொட்டிக் கடைகளும், உணவு விடுதிகளும் மட்டுமே விதிவிலக்கு. திங்கட்கிழமையோ, ஞாயிறு முழுதும் திறந்திருந்த காட்சிசாலைகளில் பெரும்பாலானவை ஓய்வெடுத்துக்கொள்ளும் நாள். ஆகவே, விமானச் சீட்டின் விலையை மாத்திரம் கருதிச் சனிக்கிழமை இரவு ஒரு நகரில் இறங்கித் திங்கட்கிழமை இரவு திரும்புகிறவர், ஒரு நாள் அடைத்த கடைவீதியையும் மறுநாள் அடைத்த காட்சிசாலையையும் படம் பிடித்துக்கொண்டு வருவார். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் போய்ச் சேர்ந்து திங்கட்கிழமை மாலையில் புறப்படுவதே மிகவும் சௌகரியமான ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மேற்கே சூலமாயிற்றே என்பவர்கள், பெரியவர்கள் சொன்ன பரிகாரப்படி வெல்லம் தின்று புறப்படலாம்.

எந்த நகரம் என்பது அடுத்த கேள்வி. பெர்லினும் மியூனிக்கும் சில நாட்களில் அடங்குகிற ஊர்கள் அல்ல. பெர்லினிலிருந்து விரைவு இரயிலில் ஒன்றேகால் மணி தூரத்தில் இருக்கும் லைப்சிக் நகரத்தையே நான் சிபாரிசு செய்வேன். பழைய மதில் நின்ற இடத்தில் இன்று வட்டச் சாலை ஓடுகிறது. அதற்கு உட்பட்ட பழைய நகரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வயோதிகர்கூட இருபது நிமிஷத்தில் நடந்து கடந்துவிடலாம். அந்தச் சாலையின் விளிம்பிலேயே பிரதான இரயில் நிலையமும் அமைந்திருப்பதால், நிலையத்துக்கு அருகில் அறை எடுத்துக்கொண்டவருக்கு வாடகைக் காரின் அவசியமே நேராது. 1915-இல் கட்டி முடிந்த அந்த நிலையத்தின் மேற்குப் பாதி பிரஷ்ய இரயில்வேக்கும் கிழக்குப் பாதி சாக்ஸனி இரயில்வேக்கும் உரியதாக இருந்தமையால், ஒன்றுபோலவே தோன்றும் முன்மண்டபங்கள் இரண்டு அதற்கு உண்டு. யாரையேனும் அங்கே சந்திப்பதாக ஏற்பாடு செய்துகொள்பவர்கள் எந்த மண்டபம் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், இருவரும் குறித்த நேரத்துக்கு வந்தும் ஒருவரையொருவர் காணாமல் காத்திருக்க நேரும்.

அறை எடுக்கும் விஷயத்தில் ஒரு சொல். லைப்சிக் நூற்றாண்டுகளாகவே சந்தைகளின் நகரம். இன்றும் மார்ச்சு மாதத்துப் புத்தகச் சந்தையின்போது விடுதிக் கட்டணம் மளமளவென்று ஏறிவிடும். பெந்தெகொஸ்தே பண்டிகையை ஒட்டிய நாட்களில் உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் ஒருவகை இருண்ட சங்கீதத்தின் ரசிகர்கள், தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்து, பழங்காலச் சீமாட்டிகளைப் போலவும் பிரேத வேஷத்திலும் ஆயிரக்கணக்கில் வந்து கூடுவார்கள். வேடிக்கை பார்க்க அதைவிட நல்ல சமயம் இல்லை. அறை தேட அதைவிடக் கெட்ட சமயமும் இல்லை. பருவத்தைப் பொறுத்தவரை, டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது என்பதையும், ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

வெள்ளிக்கிழமையைத் தேர்ந்ததற்குத் தூய தோமையார் தேவாலயமே காரணம். யோஹான் செபாஸ்டியன் பாக் 1723 முதல் 1750-இல் தம் மரணம் வரையில் இசைத் தலைவராக ஊழியம் செய்த ஆலயம் அது. அவருடைய அஸ்தி 1950 முதல் அங்கே பீடத்தின் முன்பாக ஒரு வெண்கலப் பலகையின் கீழ் இருக்கிறது. 1212-இல் தோன்றியதாகச் சொல்லப்படும் அவ்வாலயத்தின் சிறுவர் பாடற்குழு, வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்கும் சனிக்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணிக்கும் பாடுகிறது. வாயிலில் சில யூரோ கொடுத்து வாங்கும் நிகழ்ச்சித் தாளே நுழைவுச் சீட்டு. முன்பதிவு என்ற தொல்லை இல்லை. ஆறு மணிக்கு ஐந்தேகாலுக்கே போய்விடுவது நல்லது, ஏனெனில் நடு வரிசைகள் விரைவில் நிறைந்துவிடும். குழுவினர் மேற்குப் பக்கத்து மாடத்தில் நின்று பாடுகிறபடியால், பீடத்தை நோக்கி அமர்ந்திருக்கும் நமக்குப் பாடுகிறவர்கள் தெரிவதில்லை. ஒலி பின்னாலிருந்து எழுந்து வளைவுகளில் தங்கி நம் தலைக்கு மேலாக இறங்குகிறது. நம் சபாக்களில் வித்துவானின் முகத்தைப் பார்த்துத் தலையசைத்துத் தொடையில் தாளம் போட்டுப் பழகிய கைக்கு இது ஒரு சோதனைதான். ஏனெனில் இது கச்சேரி என்று கருதப்படுவதில்லை. நடுவில் ஜபமும் சிறு உபதேசமும் சபையார் எல்லோரும் சேர்ந்து பாடும் ஒரு கீர்த்தனையும் உண்டு. பக்கத்தில் இருக்கும் மூதாட்டி கைதட்டாமல் எழுந்து போவதைப் பார்த்து நாமும் அப்படியே செய்வது மரியாதை. பள்ளிக்கூட விடுமுறைகளில் சிறுவர்கள் ஊரில் இருக்கமாட்டார்கள். அந்நாட்களில் வேறு குழுவினர் பாடக்கூடும். ஆகையால் தேதியை நிச்சயிக்குமுன் சாக்ஸனி மாநிலத்தின் விடுமுறை அட்டவணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆலயத்துக்கு எதிரிலேயே பாக் காட்சிசாலையும் இருப்பதால் வெள்ளிப் பிற்பகலை அதிலேயே கழிக்கலாம்.

சனிக்கிழமையை, தமிழர் என்ற முறையில், பக்கத்து ஊரான ஹாலேக்கு ஒதுக்கிவிடும்படி சொல்லுவேன். 2013 டிசம்பரில் திறக்கப்பட்ட சுரங்கப் பாதையின் வழியாக லைப்சிக் நிலையத்தின் அடித்தளத்திலிருந்து புறப்படும் புறநகர் இரயில்கள் அங்கே போகின்றன. மேலே உள்ள நடைமேடைகளில் அவற்றைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். முக்கால் மணிக்குள் போய்விடலாம். ஆகஸ்ட் ஹெர்மான் பிராங்கே என்னும் போதகர் 1698-இல் அநாதைக் குழந்தைகளுக்காக எழுப்பிய கட்டடமும், அதைத் தொடர்ந்து வளர்ந்த பள்ளிகளும் அச்சகமும் மருந்துச்சாலையும் ஒரு நீண்ட முற்றத்தின் இருமருங்கும் இன்றும் நிற்கின்றன. 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சமயப் போதகர்களான சீகன்பால்கும் புளூட்சோவும் இந்த ஸ்தாபனத்தோடு தொடர்புடையவர்கள். அவர்கள் எழுதிய கடிதங்கள் 1710 முதல் இங்கிருந்துதான் அச்சாகி ஐரோப்பா எங்கும் பரவின. தரங்கம்பாடி அச்சுக்கூடத்துக்கென முதலில் தமிழ் எழுத்து வார்த்து அனுப்பிய ஊரும் இதுவே. அந்த அச்சுக்கூடத்திலிருந்து 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. மறு ஆண்டு சீகன்பால்கு இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலேயிலேயே அச்சேறிற்று. ஆனால் நம்முடைய தெய்வங்களைப் பற்றி அவர் 1713-இல் விஸ்தாரமாக எழுதிவைத்த நூலோ அங்கே அச்சாகாமலே கிடந்து, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் 1867-இல் சென்னையில் வெளிவந்தது என்பதை நினைத்துக்கொண்டு அந்த முற்றத்தில் நடப்பது ஒரு தனி அநுபவம்.

பிரதான கட்டடத்தின் மேல்மாடத்தில், கூரைக்கு அடியில், பதினெட்டாம் நூற்றாண்டு ஏற்பாட்டின்படியே வைத்திருக்கும் விசித்திரப் பொருட்சாலை ஒன்று உண்டு. உச்சியில் ஓவியம் தீட்டிய உயரமான அலமாரிகளில் சிப்பி, உலோகம், பாதரட்சை, கையெழுத்து என்று உலகத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்த பொருள்கள் நெருங்கி நிற்க, மேலே கூரையிலிருந்து பாடம் செய்த முதலை ஒன்று தொங்குகிறது. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த காட்சி இராது. முற்றத்தின் உள்ளே சற்றுத் தள்ளி 1728-இல் கட்டிய நூல்நிலையம்; நாடக மேடையின் பக்கத் தட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக உள்வாங்கி நிற்கும் புத்தகத் தட்டுகளை வாயிலில் நின்றே பார்க்க வேண்டும். நம் ஓலைச்சுவடிகள் பல இந்த ஸ்தாபனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன என்றாலும், போனவுடனே எடுத்துக் காட்டமாட்டார்கள். ஆராய்ச்சி நோக்கத்தைக் குறிப்பிட்டுச் சில வாரம் முன்னதாகவே கடிதம் எழுதி அநுமதி பெற்று, வார நாள் ஒன்றில் போக வேண்டும். சுவடியே குறி என்பவர் சனிக்கிழமையை விட்டுவிட வேண்டியதுதான். காட்சிசாலை போதும் என்பவர் திங்களை விட்டால் போதும்.

அன்று மாலை லைப்சிக் திரும்பியதும் மறக்காமல் செய்ய வேண்டிய காரியம், ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய சாமான்களை வாங்கி வைப்பது. சமையல் மேடை உள்ள அறை கிடைத்தவர்களுக்கு விசாரமே இல்லை: துளையிட்ட சிறு பைகளில் அரிசியை அடைத்து, பையோடு கொதிநீரில் போடும்படி அங்கே விற்கிறார்கள், இனிப்புச் சேர்க்காத யோகர்ட் நம் தயிருக்குக் கிட்டத்தட்ட சமானமே, ஊறுகாய் மாத்திரம் நாம் கொண்டுபோனால் போதும். குழாய்த் தண்ணீர் குடிக்கத் தக்கது. பிளாஸ்டிக் பாட்டிலில் வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் முன்பணமாகச் சேர்த்து வசூலித்துக்கொள்வார்கள். காலிப் பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தின் வாயில் கொடுத்து, அது தரும் சீட்டைக் காசாளரிடம் நீட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். ஊர்ப் பலகாரம் ஒன்றைச் சுவைக்க ஆசைப்படுகிறவர்கள் ‘லைப்சிக் வானம்பாடி’யைக் கேட்டு வாங்கலாம். முன்பு நிஜமான வானம்பாடியையே பிடித்துப் பொரித்துத் தின்று வந்த ஊர் அது. 1876-இல் அந்த வேட்டை தடை செய்யப்பட்டபின், பலகாரக்காரர்கள் மாவுக் கிண்ணத்தில் பாதாம் விழுதை அடைத்து மேலே இரண்டு மாவுப் பட்டைகளைக் குறுக்காகப் போட்டு அந்தப் பெயரை இதற்குச் சூட்டிவிட்டார்கள். முட்டை சேர்ந்திருக்கும் என்பதைச் சுத்த சைவர்கள் கவனிக்க.

ஞாயிறு காலையில் 15-ஆம் எண் டிராமில் ஏறினால் நெப்போலியனுடைய படைகள் 1813 அக்டோபரில் தோற்ற களத்தின் நினைவுச் சின்னத்துக்குப் போகலாம். நூற்றாண்டு நிறைவில், 1913-இல் திறந்த அந்தக் கட்டடம் 91 மீட்டர் உயரம்; கண்ணுக்கு இனியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் உச்சியிலிருந்து தெரியும் சமவெளி ஏறின களைப்பைத் தீர்த்துவிடும். பிற்பகலுக்குக் கிழக்கு ஜெர்மனியின் வாழ்க்கையை விளக்கும் சமகால வரலாற்றுக் காட்சிசாலை. நுழைவுக் கட்டணம் கிடையாது.

திங்களன்று பகலில் கடைவீதிக் கூடங்களைச் சுற்றலாம். கதேயின் ஃபவுஸ்ட் நாடகத்தில் வரும் அவுவர்பாக் நிலவறை விடுதியின் வாயிலில் நிற்கும் வெண்கல ஃபவுஸ்டின் பாதத்தைத் தடவினால் நல்லது நடக்கும் என்று அந்த ஊரார் நம்பித் தடவித் தடவி, அந்த இடம் மட்டும் பொன்போல் மின்னுகிறது. மாலை ஐந்து மணிக்குத் தூய நிக்கோலாஸ் தேவாலயத்தில் 1982 முதல் நடந்துவரும் சமாதானப் பிரார்த்தனை; கிறிஸ்தவர் அல்லாதவர்களும் போய் அமரலாம். 1989 அக்டோபர் 9-ஆம் தேதி, அதுவும் ஒரு திங்கட்கிழமை, இப்பிரார்த்தனையிலிருந்து வெளிவந்தவர்களோடு ஊர்மக்கள் திரண்டு, எழுபதாயிரம் பேர் கையில் மெழுகுவர்த்தியோடு வட்டச் சாலையில் நடந்தபோது, துப்பாக்கி ஏந்தி நின்றவர்கள் சுடாமலே விலகினார்கள். சரியாக ஒரு மாதத்தில் பெர்லின் மதில் திறந்தது. ஆலயத்தின் உள்ளே வெள்ளைத் தூண்கள் உச்சியில் பனையோலை விரித்தாற்போல் முடிகின்றன. அண்ணாந்து பார்க்கத் தவறக் கூடாது.

சீட்டு விஷயம் கடைசியாக. நகர டிராம்களில் சீட்டின்றிப் பிடிபட்டால் அபராதம் 60 யூரோ. அயலூரார் என்று சொல்வது செல்லாது. ஹாலேக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஐந்து பேர் வரை சேர்ந்து ஒரு நாள் முழுதும் பிரயாணம் செய்யும் சாக்ஸனி மாநிலச் சீட்டு அநுகூலமானது. வார நாட்களில் அது காலை ஒன்பது மணிக்கு மேல்தான் செல்லும், சனி ஞாயிறுகளில் அந்தத் தடை இல்லை. தூர விரைவு வண்டிகளுக்கு முன்கூட்டி வாங்கும் சிக்கனச் சீட்டு, குறித்த வண்டியில் மட்டுமே செல்லுபடியாகும். இருபது நிமிஷத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தக் கட்டுப்பாடு நீங்கி, வேறு வண்டியில் ஏறலாம். ஜெர்மன் இரயில்களின் காலந்தவறாமையைப் பற்றி நம் ஊரில் நிலவும் கீர்த்தி பழைய காலத்தது. ஆகையால் விமானம் பிடிக்க வேண்டிய நாளில் வண்டியை நம்பி நெருக்கமாகத் திட்டமிடலாகாது. பிரார்த்தனை முடிந்து அறையிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு நிலையம் சேர ஏழு மணி ஆகிவிடும் என்பதால், திங்கள் மாலைக்கு மட்டும் சற்று அதிக விலையானாலும் எந்த வண்டியிலும் செல்லும் சீட்டையே நான் வாங்கிக்கொள்வது.