பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்: எதில் முதல் போடுவது?

நம் உறுப்பினர்களில் பலர் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்கென்று பத்தாண்டுகளுக்கு முன் வாங்கியது. நாளடைவில், கடையடைத்து வந்தபின் இரவில் கணக்கெழுதும் பெட்டியாகவும் அது ஆகிவிட்டது. டேலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், வங்கிக் கணக்கு எல்லாம் அதில்தான். இப்போதோ, சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்து வந்தாலும் திரை வந்தபாடில்லை. "தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்கிறார் ஒருவர். "ராம் போட்டால் பறக்கும்" என்கிறார் மற்றொருவர். பெட்டியைத் திறந்து பார்க்காமலே சொல்லும் யோசனைகள் இவை. அளவான தொகையைக் கையில் வைத்துக்கொண்டு எதை முதலில் செய்வது, எதில் காசு போடக் கூடாது என்பதை இந்த மாதப் பாடத்தில் பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக, 2014 வாக்கில் வாங்கிய ஒரு டெஸ்க்டாப்பை வைத்துக்கொள்வோம். இன்டெல் ஐ3 நான்காம் தலைமுறை பிராசசர், 4 ஜி.பி. ராம், 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. நம்மவர் வீடுகளில் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

இருப்பைப் பார்க்காமல் நாம் சரக்குக்கு ஆர்டர் கொடுப்பதில்லை. இங்கும் அப்படியே. கம்ப்யூட்டர் மந்தமாக இருக்கும்போதே கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்பார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். டிஸ்க் 100 விழுக்காட்டில் நின்று, பிராசசர் 15, 20 என்று சும்மா இருந்தால் குற்றம் ஹார்டு டிஸ்க்கினுடையது. மெமரி 90-ஐத் தாண்டி நின்றால் ராம் போதவில்லை. பிராசசர் 100-லேயே நின்றால்தான் பெட்டிக்கு வயதாகிவிட்டது என்று பொருள். கணக்கெழுதும் வேலைக்கு அந்த நிலை அபூர்வம்.

ஒரு கடையாக நினைத்துப் பாருங்கள். ஹார்டு டிஸ்க் கிடங்கு, ராம் கடையின் மேசை, பிராசசர் மேசையருகே நின்று எடை போடுபவர். கிடங்குக்கு ஓடும் பையன் மெதுவாக வந்தால் எடை போடுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை. ஹார்டு டிஸ்க்கின் தகடு நிமிடத்துக்கு 7200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுற்றுகிறது. படிக்கும் முனை உரிய இடத்துக்கு நகர்ந்து, தகடும் சுற்றி வந்து சேர நொடியில் நூறில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். ஆகவே, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை அது நொடிக்கு எண்பது, நூறு முறைதான் தொட முடியும். விண்டோஸ் எழுந்து நிற்கவோ அப்படி ஆயிரக்கணக்கான தொடுதல்கள் வேண்டும். எஸ்.எஸ்.டி. என்பதில் சுற்றும் தகடு கிடையாது, எல்லாம் சில்லுகள். நொடிக்குப் பல்லாயிரம் முறை எடுத்துத் தரும். ஐந்து நிமிடம் எடுத்த பெட்டி ஒரு நிமிடத்துக்குள் வந்து நிற்பது இதனால்தான்.

எனவே கையிலுள்ள தொகையில் முதல் பங்கு எஸ்.எஸ்.டி.க்குத்தான். நம் எடுத்துக்காட்டுப் பெட்டிக்கு இரண்டரை அங்குல சாட்டா வகை வாங்க வேண்டும். எம்.2 என்று சீவிங்கம் வடிவில் வரும் பட்டைக்கு அக்காலத்து மதர்போர்டுகள் பெரும்பாலானவற்றில் இடம் இருக்காது. கணக்கு வேலைக்கு 240 அல்லது 256 ஜி.பி. தாராளம். பெயர் தெரியாத சரக்கை விலை மலிவென்று எடுக்க வேண்டாம். கடைத்தெருவில் நமக்குத் தெரிந்த விதிதான் சென்னை ரிச்சி தெருவிலும்: பில்லும் வாரண்டியும் இல்லாத பொருள் நம் பொறுப்பு.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. இன்று வாங்கும் எஸ்.எஸ்.டி.யை நாளை வேறு பெட்டி வாங்கினால் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம். யு.பி.எஸ்., மானிட்டர், கீபோர்டு ஆகியவையும் அப்படியே. நான்காம் தலைமுறைப் பெட்டியின் டி.டி.ஆர்.3 ராம் அப்படியல்ல. இப்போதைய போர்டுகளில் அது பொருந்தவே பொருந்தாது. பட்டையின் வெட்டுவாயே வேறு. ஆகவே அதைப் புதிதாக வாங்குவது முடங்கும் முதல். 4 ஜி.பி.யை 8 ஆக்குவது நல்லதுதான், ஆனால் பயன்படுத்திய பட்டையைச் சோதித்து வாங்கினால் போதும். விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் போட்டதை அது தொடாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிராசசர், மதர்போர்டு மாற்றும் யோசனையை நாம் ஆதரிப்பதற்கில்லை. போர்டு மாற்றினால் ராம் மாறும், ராம் மாறினால் பிராசசர் மாறும், கடைசியில் பழைய பெட்டியின் தகரம் மட்டும் மிஞ்சும்.

2025-ன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. நாம் இங்கே விலை எதுவும் குறிக்காததற்கு அதுவே காரணம். வாங்கும் அன்று இரண்டு கடைகளில் கேட்டுவிடுங்கள்.

கணக்கைக் காப்பது முதல் வேலை

ஸ்க்ரூ டிரைவரை எடுக்குமுன் கணக்கைப் பிரதி எடுக்க வேண்டும். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவு, ஆண்டறிக்கை தாக்கல் செய்வதற்கான கெடு நாளிலிருந்து 72 மாதம் வரை கணக்கேடுகளை வைத்திருக்கச் சொல்கிறது. வழக்கமான கெடு டிசம்பர் 31. அதன்படி 2024-25-ஆம் ஆண்டுக் கணக்கு 2031 டிசம்பர் முடிய நம் கையில் இருந்தாக வேண்டும். வழக்கு, மேல்முறையீடு இருந்தால் இன்னும் கூடுதலாக. டிஸ்க் செத்துப்போயிற்று என்ற பதிலைச் சொல்லி அதிகாரி முன் நிற்க முடியுமா?

கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். நீலம் என்றால் நலம். மஞ்சளோ சிவப்போ தெரிந்தால் அன்றிரவே பிரதி எடுத்துவிடுங்கள். டேலியின் டேட்டா போல்டர், கொள்முதல் பில் நகல்கள், வங்கி ஸ்டேட்மென்ட் ஆகியவை இரண்டு பிரதிகள். ஒன்று வீட்டில், ஒன்று கடையில். பிரதி எடுத்தாயிற்று என்று திருப்திப்படாமல், அதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து கடைசி பில் எண் வரை இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் சத்தம் போட்டு, முரண்டு செய்துவிட்டுத்தான் போகும். எஸ்.எஸ்.டி. சில சமயம் முன்னறிவிப்பே இல்லாமல் போய்விடும். ஆகவே புதியது மாட்டியபின் பிரதி எடுக்கும் பழக்கத்தை விடுவதற்கில்லை.

டேலி உரிமம் கம்ப்யூட்டரோடு இணைந்தது. டிஸ்க்கை மாற்றுமுன் அதிலேயே உள்ள சரண்டர் வழியில் உரிமத்தை ஒப்படைத்துவிட்டு, மாற்றியபின் மீண்டும் செயல்படுத்திக்கொண்டால் பின்னால் அலைச்சல் இல்லை.

பெட்டியைத் திறந்த கையோடு தூசியை புளோயரால் ஊதிவிடச் சொல்லுங்கள். ராம் பட்டையின் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்து மாட்டினாலே சில பெட்டிகளின் நோய் தீர்ந்துவிடும். போர்டில் நாணய வடிவில் சி.ஆர்.2032 என்ற பாட்டரி ஒன்று இருக்கும். அது தீர்ந்தால், மின்சாரம் நின்று வந்ததும் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். பில்லில் தவறான தேதி விழும், வங்கித் தளம் திறக்க மறுக்கும். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருள் இது, கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழ் அனுமதி இல்லை. நம் நான்காம் தலைமுறைப் பெட்டி முறைப்படி அதற்குத் தகுதி பெறாது. திருத்தம் இல்லாவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் 2017-ஐ நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு மே 12-ல் பரவிய வானாக்ரை, கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதை ஏற்றாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டின.

ஆகவே எஸ்.எஸ்.டி. போட்ட பழைய பெட்டியில் டேலி எழுதலாம், பில் அடிக்கலாம். வங்கிப் பரிமாற்றத்தையும் கண்ட மின்னஞ்சலைத் திறப்பதையும் அதில் வைத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகளின் உபயோகத்துக்கு மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் இலவசமாகக் கிடைக்கிறது, பழைய பெட்டியிலும் நன்றாக ஓடும். ஆனால் டேலி அதில் நேரடியாக ஓடாது. எல்லா வேலைக்கும் ஒரே பெட்டிதான் என்பவர்கள், பெரிய அலுவலகங்கள் கழித்துவிடும் எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட டெஸ்க்டாப்பை வாரண்டியோடு வாங்கி, தம் எஸ்.எஸ்.டி.யை அதில் மாட்டிக்கொள்வது நல்லது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் மட்டும், அந்தப் பெட்டியின் பின்புறம் பேரலல் போர்ட் இருக்கிறதா என்று பார்த்து எடுக்கவும். இல்லாமல் போனால் பழைய டாஸ் பில்லிங் மென்பொருள் அச்சடிக்க மறுத்து நிற்கும்.

பொருள் வாங்கும்போது கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைச் சொல்லி பில் கேளுங்கள். தொழிலுக்குப் பயன்படும் அளவுக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு இது இல்லை. கழற்றிய பழைய ஹார்டு டிஸ்க்கைத் தேதி எழுதிய உறையில் போட்டு ஆறு மாதமாவது பீரோவில் வைத்திருங்கள். பிறகு காயலான் கடைக்குப் போடுவதானால் தகட்டில் இரண்டு மூன்று துளையிட்டே போடவும். அழித்த கோப்புகளை மீட்டெடுக்கும் மென்பொருள் யாருக்கும் எளிதில் கிடைக்கிறது, அந்த டிஸ்க்கிலோ நம் வாடிக்கையாளர்களின் பெயரும் பாக்கியும் இருக்கின்றன.