கறை படிந்தாலும் கலங்காத குறியீடு

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்தில் உள்ள தேக்கா நிலையத்தில் உணவுக் கடைகளும் காய்கறி, மீன் கடைகளும் நிறைந்துள்ளன. பல கடைகளில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களால் ஆன கியூஆர் குறியீட்டைக் காணலாம். அதைக் கைப்பேசியால் வருடிப் பணம் செலுத்தலாம். பல கட்டண முறைகளுக்கும் பொதுவான எஸ்ஜிகியூஆர் குறியீடு 2018ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சிங்கப்பூரில் அறிமுகமானது. அதன்மீது குழம்புக் கறை பட்டாலும் சிறு கீறல் விழுந்தாலும் பணம் பெரும்பாலும் சரியான கணக்கிற்கே செல்கிறது. இதற்குக் காரணம் பிழைதிருத்தக் குறிமுறை.

மின்னிலக்கச் செய்திகள் அனைத்தும் 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களால் ஆனவை. வழியில் ஏற்படும் இடையூறுகளால் 0 என்பது 1 ஆகவும், 1 என்பது 0 ஆகவும் மாறிவிடலாம். அதனால், செய்தியுடன் கூடுதல் இலக்கங்களையும் சேர்த்து அனுப்புகிறார்கள். எவ்வளவு சேர்ப்பது, எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன.

முதலாவது, பிழையைக் கண்டுபிடிக்க மட்டும் உதவும் முறை. சிராங்கூன் சாலையில் ஓடும் பெரும்பாலான வாகனங்களின் எண் பலகை ஓர் எழுத்தில் முடியும். அது சோதனை எழுத்து. பலகையில் உள்ள மற்ற எழுத்துகளில் சிலவற்றையும் எண்களையும் கொண்டு ஒரு கூட்டுத்தொகை கணக்கிடப்படுகிறது. அதை 19ஆல் வகுத்துக் கிடைக்கும் மீதியே அந்த எழுத்தைத் தீர்மானிக்கிறது. எண்ணில் ஓர் இலக்கத்தை ஒருவர் தவறாக எழுதினால், இறுதி எழுத்து பொருந்தாது. ஆனால், எந்த இலக்கம் தவறு என்பதை அது காட்டாது. மீண்டும் கேட்டறிய வாய்ப்புள்ள இடங்களுக்கு இம்முறை போதும்.

இரண்டாவது, ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லும் முறை. 1 என்பதை 111 என்று அனுப்பினால், அது 101 என வந்து சேர்ந்தாலும் பெரும்பான்மையைப் பார்த்துத் திருத்திவிடலாம். ஆனால், செய்தியின் நீளம் மும்மடங்காகிறது. நான்கு இலக்கச் செய்திக்குப் பன்னிரண்டு இலக்கங்கள் தேவைப்படும்.

அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் ஹேமிங் 1950இல் வெளியிட்ட முறையில் ஏழு இலக்கங்களே போதும். நான்கு இலக்கங்களுடன் மூன்று சோதனை இலக்கங்கள் சேரும். எந்தெந்தச் சோதனைகள் பொருந்தவில்லை என்பதைக் கொண்டு பிழை நேர்ந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். எனினும், ஏழு இலக்கங்களில் ஒரு பிழையை மட்டுமே அது திருத்தும்.

கறை ஒரு கட்டத்தோடு நிற்பதில்லை. அருகருகே உள்ள பல கட்டங்களை மறைத்துவிடும். இங்குதான் ரீட், சாலமன் ஆகிய இருவரும் 1960இல் வெளியிட்ட முறை கைகொடுக்கிறது. கியூஆர் குறியீட்டில் எட்டு எட்டுக் கட்டங்கள் ஒரு தொகுப்பாகக் கருதப்படுகின்றன. ஒரு தொகுப்பில் ஒரு கட்டம் கெட்டாலும் எட்டும் கெட்டாலும் அது ஒரே பிழைதான். 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் உருவாக்கிய கியூஆர் குறியீட்டில் நான்கு பாதுகாப்பு நிலைகள் உள்ளன. அவை ஏறத்தாழ 7, 15, 25, 30 விழுக்காடு சேதம் வரை தாங்கும். பாதுகாப்பு கூடக்கூட, செய்திக்குரிய இடம் குறையும். அல்லது குறியீடு பெரிதாகும்.

ஆகவே, எல்லாவற்றுக்கும் ஏற்ற ஒரே முறை என்று எதுவும் இல்லை. எத்தகைய பிழை நேரும், மீண்டும் கேட்க முடியுமா, எவ்வளவு இடம் இருக்கிறது என்பவற்றைப் பொறுத்தே தேர்வு அமைகிறது.

ஆயினும், பிழை வேறு, மோசடி வேறு. கடையின் குறியீட்டின்மீது ஒருவர் தம் குறியீட்டை ஒட்டிவிட்டால், கைப்பேசி அதையும் பிழையின்றியே படிக்கும். கறையைக் கணிதம் திருத்தும்; மோசடியைத் தடுக்க, பணம் செலுத்துபவர்தாம் திரையில் தோன்றும் பெயரைச் சரிபார்க்க வேண்டும்.