கோடரியும் கலப்பையும்

காட்டில் வாழ்ந்த மக்கள் எப்படி விவசாயம் செய்தார்கள்? வெள்ளைக்காரர் ஆட்சியில் அந்த விவசாயம் என்ன ஆனது? பைகா மக்களின் வரலாற்றைப் படித்துத் தெரிந்துகொள்வோம்.

பைகா மக்கள் யார்?

மத்தியப் பிரதேசத்தில் மைக்கல் மலைத்தொடர் உள்ளது. நர்மதை ஆறு அங்கேதான் பிறக்கிறது. மலையைச் சுற்றி மண்டலா, திண்டோரி, பாலாகாட் மாவட்டங்கள் உள்ளன. இங்கே பைகா என்ற பழங்குடி மக்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள்.

அந்தக் காலத்தில் பைகாக்கள் ஏர் பூட்டவில்லை. மாடு கட்டி உழவில்லை. அவர்களுடைய கருவி கோடரி.

பூமி நமக்குத் தாய். தாயின் மார்பைக் கலப்பையால் கிழிக்கலாமா? இதுதான் அவர்களின் நம்பிக்கை.

பேவர் விவசாயம்

அவர்கள் செய்த விவசாயத்துக்குப் பேவர் என்று பெயர். அது எப்படி நடக்கும்?

முதலில் மலைச்சரிவில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அங்குள்ள மரம், செடிகளை வெட்டிக் காயப் போடுவார்கள். மழைக்காலத்துக்கு முன் தீ வைப்பார்கள். எல்லாம் எரிந்து சாம்பலாகும். சாம்பல்தான் உரம். மழை வந்ததும் அதில் விதைப்பார்கள்.

ஒரே நிலத்தில் பல பயிர் வளரும். வரகு, சாமை, மக்காச்சோளம், துவரை, பூசணி, வெள்ளரி எல்லாம் உண்டு. மழை குறைந்து ஒரு பயிர் போனாலும் இன்னொன்று கைகொடுக்கும்.

இரண்டு, மூன்று ஆண்டு பயிர் செய்வார்கள். பிறகு அந்த நிலத்தை விட்டுவிட்டு வேறு இடம் போவார்கள். விட்ட நிலத்தில் அடிக்கட்டைகள் மறுபடி துளிர்க்கும். பல ஆண்டு கழித்து அது திரும்பவும் காடாகும். நிலத்துக்கு அது ஓய்வு.

நம் தமிழ்நாட்டு மலைகளிலும் இப்படி மாறி மாறிப் பயிர் செய்த மக்கள் உண்டு.

காட்டுக்குப் புது முதலாளி

1853இல் பம்பாயில் இருந்து தாணாவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது. பிறகு நாடு முழுவதும் தண்டவாளம் போட்டார்கள். தண்டவாளத்துக்கு அடியில் கட்டை வேண்டும். அதற்கு உறுதியான மரம் வேண்டும். பைகாக்களின் காட்டில் சால மரங்கள் நிறைய இருந்தன.

1864இல் வெள்ளைக்கார அரசு வனத்துறையை ஏற்படுத்தியது. 1865இல் முதல் வனச்சட்டம் வந்தது. 1878இல் அதைவிடக் கடுமையான சட்டம் வந்தது. சென்னை மாகாணத்துக்கு 1882இல் தனிச்சட்டம் வந்தது.

நல்ல காடுகளை அரசு 'ஒதுக்கப்பட்ட காடு' என்று அறிவித்தது. அங்கே அனுமதி இல்லாமல் மரம் வெட்டினால் குற்றம். தீ வைத்தால் குற்றம். மாடு மேய்த்தாலும் குற்றம். நேற்றுவரை பாட்டன் பூட்டன் செய்த வேலை இன்று குற்றம் ஆனது.

அரசு என்ன சொன்னது? பேவர் விவசாயத்தால் விலை உயர்ந்த மரங்கள் வீணாகின்றன என்றது. இடம் மாறிப் போகும் குடிகளிடம் நிலவரி வாங்குவதும் அதற்குச் சிரமமாக இருந்தது. ஒரே இடத்தில் உழுதால் வரி வாங்குவது எளிது. அதனால் கலப்பை பிடிக்கும்படி பைகாக்களை நெருக்கியது.

கோடரிக்கும் வரி

பேவர் செய்ய அனுமதி இருந்த இடங்களில் கோடரிக்கு வரி போட்டார்கள். எத்தனை கோடரியோ அத்தனை வரி. பிறகு பெரும்பாலான இடங்களில் பேவரையே நிறுத்தினார்கள்.

1890இல் ஏறத்தாழ 24,000 ஏக்கர் காட்டைத் தனியாகப் பிரித்தார்கள். அதற்குப் பைகா சக் என்று பெயர். பேவர் செய்ய வேண்டுமா? இந்த எல்லைக்குள் மட்டும் செய்துகொள் என்றார்கள்.

இதில் என்ன சிக்கல்? பரந்த காட்டில் நிலத்துக்கு நீண்ட ஓய்வு கிடைக்கும். இடம் சுருங்கினால் ஓய்வும் சுருங்கும். மண்ணின் வளம் குறையும். சக்குக்கு வெளியே இருந்த பைகாக்களின் பாடு இன்னும் மோசம். கோடரி இருந்தது. காடு இல்லை. பலர் கூலி வேலைக்குப் போனார்கள். சிலர் பக்கத்துச் சமஸ்தானங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

ஒரு மனு

1892இல் ஒரு பைகா அரசுக்கு மனு கொடுத்தார். தம் மக்கள் பட்டினி கிடப்பதாக அதில் சொன்னார். உடுக்கத் துணி இல்லாமல் நெருப்பருகே குளிர் காய்ந்து இரவைக் கழிப்பதாகச் சொன்னார். சிறைக் கைதிக்குக்கூட அரசு சோறு போடுகிறதே, தலைமுறை தலைமுறையாக இங்கே வாழும் எங்கள் உரிமையை ஏன் தரவில்லை என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க நூறு ஆண்டுக்கு மேல் ஆனது.

இன்றைய நிலை

1947இல் நாடு விடுதலை அடைந்தது. ஆனால் பழைய வனச்சட்டங்களின் போக்கு உடனே மாறவில்லை. 2006இல்தான் வன உரிமைச் சட்டம் நிறைவேறியது. காட்டில் வாழ்ந்த மக்களுக்கு வரலாற்றில் அநீதி நடந்தது என்று அந்தச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

2015-16இல் திண்டோரி மாவட்டப் பைகாக்களுக்கு 'வாழ்விட உரிமை' கிடைத்தது. நாட்டிலேயே இந்த உரிமையை முதலில் பெற்றவர்கள் இவர்கள்தான்.

இன்று பெரும்பாலான பைகாக்கள் ஏர் உழுகிறார்கள். ஆனாலும் பழைய விதைகள் அழிந்துவிடவில்லை. திண்டோரி மாவட்டத்து லஹரி பாய் என்ற பைகா பெண் பல வகைச் சிறுதானிய விதைகளைச் சேர்த்துக் காப்பாற்றினார். 2023இல் நாடே அவரைப் பாராட்டியது.

தெரிந்துகொள்ளுங்கள்

2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் பயிர் செய்துவரும் பழங்குடிக் குடும்பம் உரிமை கேட்கலாம்.

முதலில் கிராம சபையில் மனு கொடுக்க வேண்டும்.

4 ஹெக்டேர் வரை, அதாவது சுமார் 10 ஏக்கர் வரை உரிமை கிடைக்கும்.

கணவன், மனைவி இருவர் பெயரிலும் உரிமைப் பத்திரம் தருவார்கள்.

நிலத்தை விற்க முடியாது. பிள்ளைகளுக்குச் சேரும்.

கிராம சபையின் முடிவில் குறை இருந்தால் 60 நாளுக்குள் உட்கோட்டக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம்.

மனுவில் கையெழுத்துப் போடும் முன் முழுவதும் படியுங்கள். ஊர், நிலத்தின் அளவு, பெயர் எல்லாம் சரியா என்று பாருங்கள். ஒரு நகல் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடிப் பேசுங்கள்

1. பைகாக்கள் ஒரே நிலத்தில் பல பயிர் விதைத்தது ஏன்?
2. பைகா சக் ஏற்பட்டதால் நிலத்தின் ஓய்வு குறைந்தது எப்படி?
3. உங்கள் ஊரில் வரகு, சாமை முன்பு விளைந்ததா? இப்போது விளைகிறதா? பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.