மலையேறினாலும் வரிசை கலையாத ஆப்: அக்கா சொல்றதைக் கேளுங்க

போடியிலயும் கம்பத்துலயும் உட்கார்ந்து ஆண்ட்ராய்டு ஆப் எழுதுற தம்பி தங்கச்சிகளே, உங்களுக்கு நேரமில்லைன்னு தெரியும். நேரா விஷயத்துக்கு வர்றேன்.

விடியறதுக்கு முன்னாடியே நம்ம ஊர்ப் பெண்கள் ஜீப் ஏறி போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியா இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போறாங்க. சாயங்காலம் பச்சைக் காயை எடை போட்டு, தராசுப் படத்தோட பதியுறதுக்கு ஒரு ஆப் எழுதுறீங்கன்னு வைங்க. பின்னணியில நாலு வேலை ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு நடக்கணும். படத்தைச் சுருக்கணும், சர்வருக்கு அனுப்பணும், அங்கிருந்து வர்ற லிங்க்கோட எடையைப் பதியணும், கடைசியா போன்ல இருக்கிற படத்தை அழிக்கணும். வரிசை மாறினா எடைக்குச் சாட்சியே இருக்காது. கிலோ கணக்குக் கூலின்னா அந்த எடைதான் ஒருத்தியோட அன்னைக்குச் சம்பளம். அதனாலதான் கறாரா சொல்றேன்.

1. ஒரு சர்வீஸுக்குள்ள இருந்து அடுத்த சர்வீஸைக் கிளப்பாதீங்க. எல்லாரும் முதல்ல செய்யுற தப்பு இதுதான். ஸ்டார்ட்சர்வீஸ்னு கூப்பிட்டா அது கிளப்பி விட்டுட்டுத் திரும்பிடும், முடியுற வரைக்கும் காத்திருக்காது. உலையில அரிசி போட்டவுடனே இலை போடுறது மாதிரி. அதோட 2017-ல வந்த ஆண்ட்ராய்டு 8-ல இருந்து, ஆப் திரையை விட்டுப் போய்ச் சில நிமிஷத்துல சாதா சர்வீஸை சிஸ்டமே நிறுத்திடும். அந்த நிலைமையில புதுசா ஒண்ணைக் கிளப்பினா ஆப்பே க்ராஷ் ஆகும். பழைய டுடோரியல்ல இருக்கிற இன்டென்ட்சர்வீஸையும் தொடாதீங்க, ஆண்ட்ராய்டு 11-லயே அதைக் கைவிடச் சொல்லிட்டாங்க.

2. நேரத்தைக் குத்துமதிப்பா வைக்காதீங்க. "முப்பது செகண்ட்ல படம் போயிடும், அப்புறம் அழிச்சிடலாம்"னு நானும் ஒரு காலத்துல எழுதியிருக்கேன். தேனியில என் மேசையில, வைஃபையில, அருமையா ஓடுச்சு. போடிமெட்டு மலைப்பாதையில 17 கொண்டை ஊசி வளைவு. சிக்னல் வரும், போகும். அனுப்பாத படங்களை என் கோடே அழிச்சிருந்துச்சு. அன்னைக்கு விட்டதுதான் அந்தப் பழக்கம்.

3. வரிசையை வொர்க்மேனேஜர் கையில கொடுங்க. 2019-ல இருந்து நிலையான பதிப்பா இருக்கு. முதல் வேலைக்கு பிகின்வித், அடுத்தடுத்ததுக்கு தென், கடைசியில என்கியூ. அவ்வளவுதான். முன்னது வெற்றின்னு சொன்னாத்தான் பின்னது ஓடும். வரிசையை டேட்டாபேஸ்ல எழுதி வைக்கிறதால, போன் ஆஃப் ஆகி ஆன் ஆனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரும். ஆனா குறிப்பிட்ட இடைவெளியில திரும்பத் திரும்ப ஓடுற பீரியாடிக் வேலையை இந்தச் சங்கிலியில கோக்க முடியாது, முயற்சி பண்ணி நேரத்தை வீணாக்காதீங்க.

4. தோல்வியும் மறுமுயற்சியும் வேற வேற. ஒரு கண்ணி ஃபெய்லியர்னு சொல்லிட்டா அதுக்குப் பின்னால இருக்கிற எல்லாமே தோல்வின்னு குறிச்சு மூடிடும். சிக்னல் இல்லை, சர்வர் படுத்திருக்குன்னா ரீட்ரை சொல்லுங்க, மிச்ச வரிசை பொறுமையா காத்திருக்கும். நீங்க எதுவும் சொல்லலைன்னா முதல் இடைவெளி 30 செகண்ட், அப்புறம் இரட்டிப்பாகிக்கிட்டே போய் 5 மணி நேரத்துல நிக்கும். தகவலே தப்புன்னா மட்டும் ஃபெய்லியர். அப்பவும் திரையில சிவப்பா காட்டுங்க. சத்தமில்லாம விழுங்குற ஆப்பை எனக்குப் பிடிக்காது.

5. நெட் இருந்தா மட்டும் ஓடுங்கிற நிபந்தனையைச் சரியான கண்ணியில வைங்க. முதல் வேலைக்கு வச்சா அடுத்ததுக்கும் தானா வந்துடும்னு நினைக்காதீங்க, ஒவ்வொண்ணுக்கும் தனியா வைக்கணும். படம் சுருக்க நெட் எதுக்கு? அதைத் தோட்டத்துலயே முடிக்க விடுங்க. அனுப்புறதுக்கும் பதியுறதுக்கும் மட்டும் வைங்க.

6. ஒரே வேலை ரெண்டு தடவை ஓடும். அதுக்குத் தயாரா எழுதுங்க. இதை விட்டுட்டா மத்ததெல்லாம் செஞ்சும் பிரயோஜனமில்லை. பாதியில நெட் போனா வொர்க்மேனேஜர் வேலையை நிறுத்தி, பிறகு முதல்ல இருந்து ஓட்டும். சர்வர் எடையைப் பதிஞ்சு, பதில் வர்றதுக்குள்ள சிக்னல் போச்சுன்னா? மறுபடியும் அதே 12 கிலோ போகும், கணக்குல 24 ஆகும். ஒவ்வொரு எடைக்கும் போன்லயே ஒரு தனி எண் கொடுங்க. அந்த எண் ஏற்கெனவே வந்திருந்தா புதுசா பதியாம "சரி"ன்னு மட்டும் சர்வர் சொல்லணும். அதே எண்ணைப் பேரா வச்சு யூனிக் வொர்க்கா கீப் முறையில போடுங்க. அவசரத்துல பட்டனை ரெண்டு தடவை அமுக்கினாலும் ரெண்டாவது சங்கிலி கிளம்பாது.

7. படத்தையே அடுத்த கண்ணிக்குக் கடத்தாதீங்க. கண்ணிக்குக் கண்ணி கொடுக்கிற டேட்டா 10 கேபி-க்கு மேல போகாது. ஃபைல் இருக்கிற பாதையை மட்டும் கொடுங்க. ஒரு வொர்க்கர் 10 நிமிஷத்துக்கு மேல ஓடினாலும் சிஸ்டம் நிறுத்திடும், அதனால நூறு படத்தை ஒரே வேலையில திணிக்காதீங்க.

8. மலிவு போன்ல சோதிங்க. சில கம்பெனி போன்ல ஆப்பைத் தள்ளி மூடினாலே எல்லாம் நின்னுடும், மறுபடி ஆப்பைத் திறந்தாத்தான் வரிசை நகரும். அதனால "இன்னும் 3 எடை போகலை"ன்னு முதல் திரையிலயே பெருசா எழுதுங்க. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுல இருக்கிற பேக்ரவுண்ட் டாஸ்க் இன்ஸ்பெக்டரைத் திறந்து வச்சு, ஏர்ப்ளேன் மோடைப் போட்டுப் போட்டு எடுத்தா எந்தக் கண்ணி எங்கே நிக்குதுன்னு கண்ணால பார்க்கலாம்.

இதெல்லாம் முடிச்சதும் ரெண்டு பழைய போனை எடுத்துக்கிட்டு, போடியில பஸ் ஏறி போடிமெட்டு வரைக்கும் ஒரு தடவை போய்ட்டு வாங்க. ஏறும்போது இருபது எடையைப் பதிங்க, இறங்கினதும் சர்வர்ல எண்ணுங்க. இருபது இருந்தா வெளியிடுங்க. பத்தொன்பதோ இருபத்தொண்ணோ இருந்தா இன்னொரு நாள் உட்கார்ந்து சரி பண்ணுங்க.