சிறு சொல்லின் பெரிய வேலை

‘தங்கையைப் பார்’ என்பதற்கும் ‘தங்கையைப் பார்த்துக்கொள்’ என்பதற்கும் எவ்வளவு வேறுபாடு! ஆங்கிலத்திலும் அவ்வாறே. ‘லுக் அட்’ என்றால் பார். ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பார்த்துக்கொள். ‘லுக் ஃபார்’ என்றால் தேடு. இவற்றை ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்பர். நம் திருவண்ணாமலைக் கோயில் வாசலில் செருப்பை விடும் வெளிநாட்டவர் ‘லுக் ஆஃப்டர்’ என்பார். திரும்பி வந்து காணாவிட்டால் ‘லுக் ஃபார்’ என்பார். நாம் மாற்றிப் புரிந்துகொண்டால் அவருக்கு உதவுவது எப்படி? அயல்மொழியாருக்கு இவை மிகக் கடினம் என்று அகராதி தந்த சாமுவேல் ஜான்சனே 1755-இல் எழுதியுள்ளார். ஆகவே வினையைத் தனியே மனப்பாடம் செய்யாமல், சிறு சொல்லோடு சேர்த்து, முழு வாக்கியமாகக் கற்போம். ‘கிவ் அப்’ என்றால் கைவிடு. முயற்சியை மட்டும் நாம் கைவிட வேண்டாம்!