புது வெர்ஷன் போட்டதும் ஆட்டோகேட் ஆமையாவது ஏன்?



மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவதெல்லாம் முதலாண்டோடு சரி. அதன்பின் நம்மில் பலருக்குச் சோறு போடப்போவது ஆட்டோகேட்தான். ஆனால் அதில் கோடு போட மட்டும் கற்றுக்கொள்கிறோமே தவிர, அது மக்கர் பண்ணினால் என்ன செய்வது என்று கற்றுக்கொள்வதில்லை. நான் கற்றுக்கொண்ட கதையை இங்கே சொல்கிறேன்.

நெல்லித்தோப்பில், இந்திரா காந்தி சிலையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சிறிய டிராயிங் ஆபீஸ். சாயங்கால வேளையில் அங்கே வேலை பார்த்தேன். வீட்டுப் பிளான்கள்தான் முக்கிய வேலை. அங்கே மூத்தவர் ஒரு அண்ணன். டிரேசிங் பேப்பரில் இங்க் பேனாவால் வரைந்த காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர்.

பத்து வருடமாக 2014 வெர்ஷனில் ஓடிய ஆபீஸ், 2024 வெர்ஷனுக்கு மாறியது. மறுநாளே தொல்லை. ஃபைல் திறக்க ஒரு நிமிடத்துக்கு மேல். ஜூம் செய்தால் திணறல். ஒரு நாள் வேலை இரண்டு நாள் ஆனது. முதலாளி 8 ஜிபி ரேம் வாங்கிப் போட்டார், மாற்றமே இல்லை. கடைசியில் பழி அண்ணன்மேல் விழுந்தது. "உங்களுக்குப் புதுசு பழகலண்ணே. வயசாயிடுச்சு. வேற பையனப் பாத்துக்கறேன்" என்று முதலாளி சொல்லியே விட்டார். அண்ணன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, நெஜமாவே நான்தான் ஸ்லோவா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் சில சமயம் கூடமும் கோணலாக இருக்கும். கோணலா இல்லையா என்று அளந்து பார்க்க வேண்டியது டிப்ளமோ படித்த நம் வேலை.

இது புது நோய் அல்ல

ஆட்டோகேட் 1982-இல் வந்தது. 1992-இல் வந்த ரிலீஸ் 12 டாஸில் சுறுசுறுப்பாக ஓடியது. 1994-இல் ரிலீஸ் 13 வந்தபோது வேகம் போதவில்லை என்று பலர் 12-ஐ விடவே இல்லை. 1997-இல் ரிலீஸ் 14 வந்த பிறகுதான் மாறினார்கள். வசதி கூடக்கூட மெமரியும் கிராபிக்ஸ் கார்டும் அதிகம் தேவைப்படுவது இயற்கை. 2024 வெர்ஷனுக்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி ரேம் வேண்டும்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். ஆட்டோகேடின் வேலைகளில் பெரும்பகுதி பிராசஸரின் ஒரே ஒரு கோரில்தான் நடக்கிறது. எனவே கோர் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு கோரின் வேகமே முக்கியம். எட்டு கோர் வாங்கினால் எட்டு மடங்கு வேகம் வந்துவிடாது.

முதலில் மூன்று சோதனை

கையில் ஒரு நோட்டு, செல்போனில் ஸ்டாப்வாட்ச். இவ்வளவுதான் கருவி.

1. வெறும் புது டிராயிங் ஒன்றைத் திறந்து நாலு கோடு போட்டுப் பாருங்கள். அதுவே மெதுவென்றால் கோளாறு ஃபைலில் இல்லை. சிஸ்டத்திலோ செட்டிங்கிலோ இருக்கிறது.

2. தொல்லை தரும் ஃபைலை நெட்வொர்க்கிலிருந்து சொந்த ஹார்டு டிஸ்குக்குக் காப்பி செய்து திறங்கள். இப்போது வேகம் வந்தால் குற்றவாளி நெட்வொர்க்.

3. அதே ஃபைலை வேறொரு நல்ல கணிப்பொறியில் திறங்கள். அங்கேயும் திணறினால் நோய் ஃபைலுக்குள்தான்.

ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். நாலை ஒன்றாக மாற்றிவிட்டால் எது குணமாக்கியது என்று கடைசிவரை தெரியாது. ஃபிசிக்ஸ் லேபில் சொல்லிக்கொடுத்ததேதான்!

சிஸ்டத்தில் கோளாறு என்றால்

கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் பழசாக இருந்தால் ஜூமும் பேனும் இழுக்கும். கார்டு கம்பெனியின் புது டிரைவரைப் போடுங்கள். பிறகு 'கிராபிக்ஸ்கான்ஃபிக்' கட்டளை கொடுத்து ஹார்டுவேர் ஆக்சலரேஷனை ஒருமுறை ஆன், ஒருமுறை ஆஃப் செய்து இரண்டிலும் நேரம் பாருங்கள். எது வேகமோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 'ஆப்ஷன்ஸ்' போய் 'ஃபைல்ஸ்' பகுதியில் சப்போர்ட் ஃபைல் தேடும் பாதைகளைப் பாருங்கள். புது வெர்ஷன் போடும்போது பழைய செட்டிங்கையும் இழுத்து வருகிறோம். அதில் இப்போது இல்லாத சர்வரின் முகவரி இருந்தால், ஒரு ஃபான்ட்டைத் தேடினாலும் ஆட்டோகேட் அந்தக் கதவையும் தட்டிவிட்டுக் காத்து நிற்கும். டீஃபால்ட் பிரிண்டரும் அப்படியே. இல்லாத பிரிண்டரை நீக்கி பிடிஎஃப் பிரிண்டரை வையுங்கள்.

எதற்கும் மசியவில்லை என்றால் ஸ்டார்ட் மெனுவில் ஆட்டோகேட் ஃபோல்டருக்குள் 'ரீசெட் செட்டிங்ஸ் டு டீஃபால்ட்' இருக்கிறது. பழைய செட்டிங்கை பேக்கப் எடுத்துக்கொண்டு அதை ஓட்டுங்கள்.

ஃபைலில் கோளாறு என்றால்

முதலில் ஃபைலை ஒரு காப்பி எடுங்கள். வைத்தியம் காப்பிக்குத்தான், ஒரிஜினலுக்கு இல்லை.

'ஆடிட்' கொடுத்தால் டிராயிங்கிலுள்ள பிழைகளைத் திருத்தும். 'பர்ஜ்' பயன்படாத பிளாக், லேயர்களை நீக்கும். பர்ஜுக்கு முன்னால் ஒரு ஹைஃபன் போட்டு அடித்து, 'ஆர்' என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்தால் ரெக்ஆப் எனும் கண்ணுக்குத் தெரியாத குப்பையும் போகும். பல ஆபீஸ் கைமாறி வந்த ஃபைல்களில் இது ஆயிரக்கணக்கில் சேர்ந்திருக்கும். 'ஸ்கேல்லிஸ்ட்எடிட்' திறந்து ரீசெட் கொடுத்தால் வேண்டாத ஸ்கேல்கள் ஒழியும். 'ஓவர்கில்' ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை நீக்கும். அதன்பின் பிளானைக் கண்ணால் ஒருமுறை சரிபார்ப்பது கட்டாயம். காணாமல்போன எக்ஸ்ரெஃப்களையும், பழைய பிளானின் ஸ்கேன் படங்கள் வேலை முடிந்தும் ஒட்டிக்கொண்டிருந்தால் அவற்றையும் கழற்றிவிடுங்கள்.

எங்கள் ஆபீசில் நடந்தது

நானும் அண்ணனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். வெற்று டிராயிங்கே திறக்க 40 வினாடி! அப்படியென்றால் ஃபைல்மேல் குற்றமில்லை, அண்ணன்மேலும் இல்லை. பாதைகளைப் பார்த்தால், எப்போதோ கழற்றிப்போட்ட பழைய சர்வரின் முகவரி மூன்று இடத்தில். டீஃபால்ட் பிரிண்டர், இரண்டு வருடம் முன் விற்றுவிட்ட பிளாட்டர். பாதைகளை நீக்கினோம், 15 வினாடி. பிரிண்டரை மாற்றினோம், 6 வினாடி. டிரைவரைப் புதுப்பித்ததும் ஜூம் வெண்ணெயாக ஓடியது.

திங்கட்கிழமை அந்த நோட்டை முதலாளி முன் வைத்தோம். ஒவ்வொரு மாற்றமும், அதற்கு முன்னும் பின்னும் ஆன நேரமும் வரிசையாக இருந்தன. அவர் படித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணே, டீ சாப்புட்டு வரலாம் வாங்க" என்றார். அவ்வளவுதான். அண்ணன் இன்றும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார்.

நண்பர்களே, நாளை நீங்களும் ஒரு ஆபீசில் ஜூனியராக உட்காருவீர்கள். வெர்ஷன் மாற்றும்போது மூன்றை மறக்காதீர்கள். கையில் உள்ள வேலை முடியும்வரை பழைய வெர்ஷனை அழிக்காதீர்கள். இரண்டும் ஒரே சிஸ்டத்தில் இருக்கலாம். மாற்றுவதற்கு முன்பே, ஒரு ஃபைல் திறக்க எத்தனை வினாடி என்று குறித்து வையுங்கள். பழைய வெர்ஷன் வைத்திருப்பவருக்கு அனுப்பும்போது அவருடைய டிடபிள்யூஜி வடிவத்தில் சேவ் செய்யுங்கள். 2018 வெர்ஷனோடு வந்த வடிவத்தை 2014 வெர்ஷனால் திறக்க முடியாது.

கணிப்பொறி மெதுவானால் ஆளைப் பார்க்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு நோட்டும் ஒரு ஸ்டாப்வாட்சும் ஒரு மனிதரின் வேலையைக் காப்பாற்றியதை நான் கண்ணால் பார்த்தேன்.